தம்பி வெட்டிய வாக்கியம்

என் தம்பிக்குக் கார் பைத்தியம் பிடித்ததற்கு நான்தான் காரணம் என்று அம்மா சொல்வாள். இருக்கலாம். ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருமுனையிலிருந்து பார்த்தால், துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றின் மேல் அடுக்கடுக்காகப் புதுக் கார்கள், மூக்கிலும் கூரையிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒட்டியபடி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பேன். பாதி மறைந்திருக்கும் விளக்கை வைத்து அது எந்த வண்டி என்று சொல்ல வேண்டும், அதுதான் விளையாட்டு. நான் அவனைவிட ஏழு வயது மூத்தவள். ஆனாலும் அவன்தான் அதிகம் ஜெயிப்பான்.

வளர்ந்த பிறகு அந்தப் பைத்தியம் எங்களை ஆளுக்கொரு வழியில் கொண்டுபோனது. நான் மணலி சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் கணக்குப் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். கையில் கொஞ்சம் சேர்ந்ததும், ஒரு டாக்டர் ஓட்டி முடித்த, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் பழைய ஹைபிரிட் காரை வாங்கினேன். என் வீட்டுக்காரருக்கு பஸ்ஸே போதும், ஸ்டியரிங் பக்கம் வரமாட்டார். தம்பி எந்த வேலையிலும் நிலைக்காமல், கடைசியில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிகளைப் பற்றி வீடியோ போட ஆரம்பித்தான். முதலில் அவன் மட்டும் பேசினான். யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் என் காரைப் பற்றி என்னைப் பேசவைத்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றோம். என்ஜின் தானாக அணைந்து வண்டி பேட்டரியில் நின்றுகொண்டிருந்தது. "பாரு, சுத்தி இத்தினி லாரி கத்திகினு கீது, நம்ம வண்டி மட்டும் சாமி கும்புடற மாதிரி கம்முனு கீது" என்றேன். அதை ஏகப்பட்ட பேர் பார்த்துவிட்டார்கள்.

அதிலிருந்து அவன் வீடியோக்களில் நான் 'அக்கா'. எங்கள் பேச்சைக் கிண்டல் செய்து எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால் அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று எழுதியவர்கள்தான் அதிகம். வேலைக்கு நடுவே அதையெல்லாம் எடுத்துப் படித்துப் பார்ப்பேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஹைபிரிட் காரை அடியோடு மாற்றிப் புதிதாகக் கொண்டுவரப் போவதாகப் பேச்சு அடிபட்டது. விற்பனைக்கு வருவதற்கு முன்னால், கார் ஆர்வலர்களை மட்டும் கூப்பிட்டுக் காட்டப் போகிறார்களாம். கம்பெனியிலிருந்து தம்பிக்கு அழைப்பு வந்தது. அக்காவையும் கட்டாயம் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். அவன் விம்கோ நகரில் இருக்கும் என் வீட்டுக்கே ஓடிவந்து சொன்னான்.

"யக்கா, நம்மள மதிச்சு கூப்ட்டுகிறான். பெங்களூர்லேர்ந்து, கோயமுத்தூர்லேர்ந்துலாம் ஆளுங்க வராங்க. இன்னா சொல்ற?"

"இன்னாத்த சொல்றது? லீவு போட்றேன்" என்றேன்.

போவதற்கு இரண்டு நாள் முன்னால் அண்ணாச்சியைப் பார்த்தேன். திருவொற்றியூரில் அரிசியும் மளிகையும் மொத்த வியாபாரம் செய்கிறவர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். முன்பு நாங்கள் மாத்தூரில் வாடகைக்கு இருந்தபோது அவர் எதிர்வீடு. ஒரு மழையில் அந்தத் தெருவே மூழ்கி, அவர் காரும் என் காரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கையின் அடிவரை தண்ணீரில் நின்றன. அவர் பதற்றத்தில் சாவியைத் திருப்பிவிட, என்ஜினுக்குள் தண்ணீர் போய் அந்தக் கார் அதோடு முடிந்தது. என் கார் பிழைத்தது. அதில் பெரிய பேட்டரி பின்னால் டிக்கியில் உயரமாக இருந்ததால் தண்ணீர் அதைத் தொடவில்லை. அன்றைக்கே அண்ணாச்சி, அடுத்து வாங்கினால் உன் வண்டிதான் என்று சொல்லிவிட்டார். நாங்கள் விம்கோ நகருக்கு வந்துவிட்டோம். அவர் இன்னமும் அதே தெருவில், கார் நிறுத்த இடமில்லாத அதே வீட்டில் இருக்கிறார்.

புதுக் காரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லதாப் போச்சும்மா. எனக்காக ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வா. நம்ம தெருத் தண்ணிக்கு அது தாங்குமா? நீ சரின்னு சொன்னா வாங்கிருதேன். வேற யார்ட்டயும் கேக்க மாட்டேன்."

"கேட்டுட்டு வரேன் அண்ணாச்சி" என்றேன்.

நிகழ்ச்சி எண்ணூர் போகும் வழியில் நடந்தது. கப்பலேறும் கார்களை நிறுத்தும் திடலை ஒட்டி, ஒரு பெரிய கொட்டகையைக் கறுப்புத் துணியால் மூடி, உள்ளே குளிரூட்டியிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் லாரி நெரிசலையும் புழுதியையும் திட்டிக்கொண்டே வந்து இறங்கினார்கள். நாங்கள் வீட்டிலிருந்து சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். அவர்கள் சொல்லும் தேதிக்கு முன்னால், பார்த்ததைப் பற்றி வெளியில் யாரிடமும் பேசக்கூடாது என்று.

திரை விலகியதும் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வண்டி அழகாகத்தான் இருந்தது. பழைய வண்டியின் வயிறு பெருத்த தோற்றம் போய், பாயப் போகிற மாதிரி தாழ்ந்து நின்றது. டிக்கியைத் திறந்து காட்டியபோது இன்னும் பெரிய கைதட்டல். முன்பு பேட்டரி அடைத்துக்கொண்டிருந்த இடம் முழுக்கக் காலியாக, நாலு பெட்டி வைக்கிற அளவுக்கு இருந்தது. எனக்கு உடனே அந்தக் கேள்வி வந்துவிட்டது. அப்படியானால் பேட்டரி எங்கே போனது?

பின்கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். இருக்கைக்கு அடியில் இருந்தது. பேட்டரி சூடேறாமல் காற்றை உள்ளே இழுக்கும் சிறிய ஜன்னல், உட்கார்ந்தால் நம் கெண்டைக்கால் இருக்கும் உயரத்தில். மாத்தூரில் அன்று தண்ணீர் நின்றது அதற்கு மேலே.

அங்கே நின்றிருந்த இளம் என்ஜினியரிடம் கேட்டேன். பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "ஓட்டிட்டுப் போறப்ப தண்ணியில எறங்கினா பயம் இல்ல மேடம். ஆனா நிறுத்தி வெச்ச வண்டிக்குள்ள தண்ணி ஏறி இந்த ஓட்டை வரைக்கும் வந்தா, பேட்டரி தாங்காது. டிக்கி பெருசா வேணும்னு எல்லாரும் கேட்டாங்க. அதான் கீழ எறக்கினோம்."

அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார்.

பிறகு ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். திடலுக்குள்ளேயே ஒரு சுற்றுப்பாதை போட்டிருந்தார்கள். மின்சாரத்திலிருந்து பெட்ரோலுக்கு மாறுகிற இடம் எது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. என் பழைய வண்டியில் அந்த இடத்தில் ஒரு சின்னக் குலுக்கல் வரும். இதில் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருந்தது. இறங்க மனமே இல்லை. தம்பி முன் இருக்கையிலிருந்து என் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டே, "யக்கா சிரிக்குது பாரு, யக்கா சிரிக்குது பாரு" என்று கத்தினான்.

கடைசியில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்துக் கேட்டான். "அப்ப சொல்லுக்கா. வாங்குவியா, மாட்டியா?"

நான் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "ஓட்றதுக்கு இத்த அடிச்சிக்க வேற வண்டி இல்ல. தண்ணி நிக்காத ஊர்ல இருந்தா கண்ண மூடிக்கினு வாங்கிடுவேன். ஆனா மணலி, மாத்தூர், சடையங்குப்பம்னு மழைக்கு முழுவற எடத்துல, வண்டிய தெருவுல வுடறவங்க இத்த வாங்காதீங்க. பேட்டரிய கீழ எறக்கிட்டாங்க."

அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். "சூப்பர்க்கா. இதான் வோணும்."

சாப்பாட்டு நேரத்தில், நிகழ்ச்சியை நடத்திய பெண் ஒருத்தி அவனைத் தனியாக அழைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் வந்து, "உங்க ஸ்லாங் ரொம்ப க்யூட் மேம்" என்றாள். நான் சிரித்துவைத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் நானும் தம்பியும் அந்த வண்டியைப் பற்றியே பேசினோம். ட்ரெய்லர் பார்த்து நின்ற காலத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் பேசியதாக எனக்கு நினைவில்லை.

மறுநாளே அண்ணாச்சி கேட்டார். கையெழுத்துப் போட்டிருந்தேனே, அதனால் சொல்லவில்லை. "தேதி வர்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது அண்ணாச்சி. நீங்க கேட்டதையும் சேத்து வீடியோல சொல்லிகிறேன். வந்ததும் முழுசா பாருங்க" என்றேன். அவரும் சரியென்றார்.

வீடியோ வந்தால் தம்பி முதலில் எனக்குத்தான் அனுப்புவான். இந்தத் தடவை அனுப்பவில்லை. மாதக் கடைசி, யார்டில் தலைக்கு மேல் வேலை. தேதி வந்துவிட்டதா என்றே நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் மதியம் அண்ணாச்சி போன் செய்தார்.

"புக் பண்ணிட்டேம்மா! காலையில வீடியோ பாத்தேன், நேரா போயி புக் பண்ணிட்டுத்தான் கடைக்கே வந்தேன். வெள்ளைக் கலரு. தண்ணியப் பத்தி ஒரு குறையும் சொல்லல, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்னு நீயே சொன்னப்புறம் எனக்கு என்ன யோசனை?"

எனக்குப் புரியவே இல்லை. போனை வைத்துவிட்டு வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நான் சிரித்துக்கொண்டே ஓட்டுகிறேன். வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். "ஓட்றதுக்கு இத்த அடிச்சிக்க வேற வண்டி இல்ல" என்கிறேன். சட்டென்று வண்டியின் விளக்கைக் காட்டுகிறான். மறுபடி என் முகம். "கண்ண மூடிக்கினு வாங்கிடுவேன்" என்கிறேன். அவ்வளவுதான். பாட்டு. முடிந்தது.

மூன்று தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன். முகம் என் முகம், குரல் என் குரல். நான் சொல்லாதது ஒரு சொல்கூட அதில் இல்லை. பக்கத்து மேசைப் பெண், "இன்னாக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தம்பி ராயபுரத்தில் அம்மாவோடு அதே வீட்டில்தான் இருக்கிறான். நான் உள்ளே நுழைந்ததுமே எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "ஒக்காருக்கா, டீ போடறேன்" என்று எழுந்தான்.

"டீ வோணாம். நான் சொன்னத ஏன்டா வெட்டுன?"

"யக்கா, அது பெரிய கதை. போடறதுக்கு முன்னாடி கம்பெனிக்கு ஒரு தபா காட்டணும். அன்னிக்கு என்ன தனியா கூப்ட்டு பேசுச்சே, அந்தம்மா பாத்துட்டு, இந்த எடம் மட்டும் வேணாமேன்னுச்சு. நான் இன்னா பண்ணட்டும்? முடியாதுன்னா அடுத்த தபா கூப்புடுவானா? இமாச்சல்ல மலை மேல டிரைவ் வெச்சுகிறான். என்னையும் கூப்ட்டுகிறான்."

"எம் பேச்ச முழுசா எடுத்துட்டு இருக்கலாமே. பாதிய ஏன் வெச்ச?"

அவன் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு சொன்னான். "உன் மூஞ்சிக்கோசரம்தான்க்கா ஜனங்க பாக்கறாங்க. நீ இல்லாத எப்டி போட்றது?"

அவன் அதைத் தப்பு என்று நினைத்துச் சொல்லவில்லை. என்னைப் பாராட்டுகிற மாதிரிதான் சொன்னான். அண்ணாச்சி வண்டி புக் செய்துவிட்டதைச் சொன்னேன். ஒரு கணம் முகம் சுருங்கியது. "நான் கீழ எழுதி வுட்டுடறேன்க்கா. தண்ணி நிக்கற ஏரியாக்காரங்க யோசிச்சு வாங்குங்கன்னு. இன்னிக்கே போட்றேன்" என்றான். நான் நம்பினேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்கு ரெண்டும் கத்திகினு கீறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவன் எழுதவில்லை. மறுநாள் காலையில் நானே அந்த வீடியோவின் கீழே எழுதினேன். நான்தான் அந்த அக்கா, நான் சொன்னதில் பாதிதான் இதில் இருக்கிறது, மழைத்தண்ணீர் நிற்கும் இடத்தில் இருப்பவர்கள் இந்த வண்டியை வாங்க வேண்டாம் என்று. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அது இல்லை. சரியாகப் பதியவில்லையோ என்று மறுபடி எழுதினேன். அதுவும் போய்விட்டது. அதை அழிக்க அவன் ஒருவனால்தான் முடியும். முதல் தடவை என் பேச்சை வெட்டியபோது, அந்தப் பெண் சொன்னாள், ஆசை காட்டினார்கள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. இதற்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.

வேலைக்குப் போகாமல் நேராக அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார், ஆனால் வழக்கமான சிரிப்பு இல்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். பேட்டரி கீழே இருக்கிறது, நம் தெருவுக்கு ஆகாது, புக் செய்ததை ரத்து செய்துவிடுங்கள் என்றேன்.

அவர் கல்லாவில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும், "ஒன் தம்பி போன் பண்ணுனான்மா" என்றார்.

"எப்போ?"

"நேத்து சாயங்காலமே. அக்காவுக்கு எம்மேல ஏதோ கோவம் அண்ணாச்சி, வீடியோவப் பத்தி தப்பா வந்து சொல்லும், நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கன்னான்."

நான் பேச வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். குரலில் கோபமில்லை, அலுப்புத்தான் இருந்தது.

"வீடியோல நீதானம்மா சொன்ன? இப்ப வேண்டாம்ங்கிறதும் நீதான். அக்கா தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுல என் வண்டிய இழுக்காத."

எழுந்து வந்துவிட்டேன். வெளியே என் காரில் ஏறி உட்கார்ந்தும் கொஞ்ச நேரம் கிளப்பவில்லை. நேற்று நான் ராயபுரத்திலிருந்து கிளம்பியதும், அவன் டீக்குப் பால் வாங்கக்கூடப் போயிருக்க மாட்டான். உடனே போனை எடுத்திருக்கிறான். நான் எங்கே போவேன், யாரிடம் போவேன் என்று அவனுக்குத் தெரியும். ஏனென்றால் நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

அண்ணாச்சி வண்டி எடுத்தார். மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். எனக்கு மட்டும் வரவில்லை, வேறொருவர் போனில் பார்த்தேன்.

அந்த வருட மழையில், தண்ணீர் வரும் என்று எச்சரிக்கை வந்த அன்றைக்கே என் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் விட்டேன். எனக்கு முன்பே அங்கே கார்கள் வரிசையாக நின்றிருந்தன. அண்ணாச்சிக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. அவர் மகனுக்குச் செய்தேன். "அப்பா தெருவுலயே இருக்கட்டும்னுட்டாங்க அக்கா. கண்ண மூடிட்டு வாங்கின வண்டிதானேங்கிறாங்க" என்றான். என்னைக் குத்துவதற்காகச் சொன்னானா, இயல்பாகச் சொன்னானா தெரியவில்லை.

தண்ணீர் மாத்தூரில் இடுப்பளவு நின்றது. வடிந்த பிறகு அந்த வெள்ளை வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். பேட்டரி போய்விட்டது. வண்டி சர்வீஸ் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்தது. அண்ணாச்சி சரக்கு வேனில் ஏறிக் கடைக்குப் போய்வந்தார்.

அதற்குள் தம்பிக்கும் அந்தக் கம்பெனிக்கும் கசந்துவிட்டது. மலைமேல் டிரைவுக்கு அவனைக் கூப்பிடவில்லை, அவனைவிடப் பெரிய ஆள் யாரோ கிடைத்துவிட்டார்கள். ஊர் முழுக்க மழையில் செத்த கார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, அவன் ஒரு புது வீடியோ போட்டான். 'அக்காவைச் சொல்ல விடாத உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. உள்ளே நான், அதே வண்டிக்குப் பக்கத்தில், ஒரு சொல் குறையாமல் முழுசாகப் பேசுகிறேன். மாத்தூர், சடையங்குப்பம் எல்லாம் அப்படியே இருந்தது. அவன் கண்ணீர் வராத குறையாக முன்னால் வந்து, பெரிய இடத்து அழுத்தத்தால் இதை அன்று போட முடியவில்லை மக்களே என்றான். முந்தையதைவிட இதை அதிகம் பேர் பார்த்தார்கள்.

இந்த முறை எனக்கு முதலிலேயே அனுப்பிவிட்டான். பின்னாலேயே போனும் செய்தான்.

"பாத்தியாக்கா? உன்ன எப்டி புகழறாங்க பாரு! இப்பவாது போட்டேனா இல்லியா?"

"அண்ணாச்சிக்கு போன் பண்ணியா?"

"அவருக்கு இன்னாத்துக்கு?"

நான் வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி அன்று மாலையே என் வீட்டுக்கு வந்தார். மாடியேறி வந்த களைப்பில் வாசலிலேயே கொஞ்சம் நின்றார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "முழுசாப் பாத்தேம்மா" என்றார். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர்தான் மழையைப் பற்றியும் வியாபாரத்தைப் பற்றியும் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "கடைக்கு வந்து சொன்னியே, அன்னைக்கு ஒன்ன நம்பாமப் போயிட்டேன்" என்றார். பரவாயில்லை அண்ணாச்சி என்றேன். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. என் தம்பியை நான் நம்பின மாதிரிதான் அவரும் நம்பினார்.

தம்பியோடு நான் பேச்சை நிறுத்தவில்லை. அம்மா இருக்கிறாள், நிறுத்த முடியாது. "வூட்டுக்கு வா, சாப்புடு. ஆனா இனிமே எம் மூஞ்சிக்கு நேரா போனத் தூக்காத" என்று மட்டும் சொன்னேன். அவன் சிரித்தான். கோபம் ஆறினதும் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பான். பார்க்கிறவர்கள் அக்கா எங்கே என்று கேட்கிறார்களாம், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். மீன் குழம்பு வைத்திருந்தேன். இன்னொரு கம்பெனியின் புது வண்டியைப் பார்த்துவிட்டு வந்த கதையை ஆசையாகச் சொன்னான். கேட்கக் கேட்க எனக்கும் ஆர்வமாகத்தான் இருந்தது. பேட்டரியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்றேன். போடச் சொன்னான்.